எதிர்க்க உக்காரும் உரிமை

பள்ளிக்கூடத்தில் செஸ் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்கிறார்கள். நல்லது, யார் வேண்டாம் என்றது? 7 வயது முதல் 17 வயதுவரை பள்ளி மாணவர்களுக்குச் செஸ் என்று 2011இலேயே அறிவித்தார்கள். 2013இல் சென்னையில் ஆனந்தும் கார்ல்சனும் உலகப் பட்டத்துக்கு மோதினார்கள். 2022இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது நேப்பியர் பாலத்துக்கே கறுப்பு வெள்ளைக் கட்டம் தீட்டினார்கள். 2024 டிசம்பரில் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார், அரசு 5 கோடி ரூபாய் கொடுத்தது. ஒவ்வொரு தடவையும் நாமும் கைதட்டினோம். கைதட்டி முடித்த பிறகாவது கேட்க வேண்டாமா, பலகை சேரிக்கு வந்ததா என்று?

டெல்டாவில் ஒரு பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கவிதை வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். படிக்கிற பிள்ளைகளில் பெரும்பாலோர் சேரிப் பிள்ளைகள். தலைமை ஆசிரியர் அறையில் இரும்பு பீரோவுக்கு மேலே ஐந்து செஸ் பலகை இருந்தது. மேலே சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. 'ஏன் சார் பிரிக்கல?' என்றேன். 'காய் தொலைஞ்சா யாரு சார் கணக்குச் சொல்றது? ஆய்வுக்கு வந்தா காட்டணும்ல' என்றார். அதோடு விட்டிருக்கலாம். 'இந்தப் புள்ளைங்களுக்குக் கபடி நல்லா வரும் சார். உழைச்ச உடம்பு. இது மூளை சமாச்சாரம்' என்றும் சொன்னார்.

மனுஷன் கெட்டவர் இல்லை. அதுதான் விஷயமே. நல்ல மனுஷன் வாயிலிருந்தே இவ்வளவு சுலபமாக வருகிறது.

1953இல் ராஜாஜி இதைத்தான் திட்டமாகக் கொண்டுவந்தார். பள்ளியில் பாதி வேளை, மீதி வேளை அப்பன் தொழில். 1954இல் காமராஜர் அதைத் தூக்கி எறிந்தார். திட்டம் போய்விட்டது, புத்தி பீரோ மேலே உக்காந்திருக்கு. கபடி நம்ம ஆட்டம்தான், அதில் நமக்கு வெட்கம் ஏதும் இல்லை. யாருக்கு உடம்பு, யாருக்கு மூளை என்று பங்கு போடுகிற கை எது என்பதுதான் கேள்வி. மேட்டூரில் தண்ணீர் திறந்தால் கடைமடைக்கு எப்ப வரும், எந்த வயலுக்கு எத்தனை முடி நாத்து, குறுவை பிந்தினால் சம்பாவை எப்படிச் சமாளிப்பது என்று தலைமுறை தலைமுறையாகக் கணக்குப் போட்டது யார்? வரப்பில் குடை பிடித்து நின்ற மிராசுதாரா?

செஸ் ஆடினால் மூளை வளரும், கணக்கு வரும் என்று சில படித்தவர்கள் விற்கிறார்கள். இங்கிலாந்தில் 100 பள்ளிகளை எடுத்து, சிலவற்றில் செஸ் சொல்லிக்கொடுத்து, மற்றதில் கொடுக்காமல், ஒரு வருஷம் கழித்துக் கணக்கில் சோதித்தார்கள். 2016இல் முடிவு வெளிவந்தது: வித்தியாசம் தென்படவில்லை. வராட்டிப் போவுது! நமக்கு மூளை வளர்க்கச் செஸ் வேண்டாம். இருக்கிற மூளையை இந்தச் சமூகம் ஒத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் எதற்குச் செஸ்? எதிர்க்க உக்காருவதற்கு.

நீடாமங்கலத்துக்குப் பக்கத்தில் திருப்பூவனூர். அங்கே சாமிக்குப் பெயரே சதுரங்க வல்லபநாதர். ராஜகுமாரியைச் சதுரங்கத்தில் ஜெயித்துக் கல்யாணம் பண்ணிக்கொண்ட சிவன். ஒலிம்பியாட் தொடக்க விழாவில் பிரதமரே இந்தக் கோயிலைப் பற்றிப் பேசினார். ஆட வந்த சிவன் கிழவர் வேஷத்தில் வந்தாராம். ஒரு பண்ணையாள் வேஷத்தில் வந்திருந்தால் ராஜா பலகைக்கு எதிரே உட்கார வைத்திருப்பானா? தல புராணத்தில் பதில் கிடையாது. நீடாமங்கலத்தின் வரலாற்றில் இருக்கிறது. 1937 டிசம்பரில் அங்கே காங்கிரஸ் மாநாடு. சமபந்தி விருந்து என்று அறிவித்ததை நம்பிப் பந்தியில் உட்கார்ந்த நம் சனங்களை அடித்தார்கள், மொட்டையடித்தார்கள், சாணிப்பால் குடிக்க வைத்தார்கள். 'விடுதலை'யும் 'குடிஅர'சும் எழுதித்தான் உலகத்துக்குத் தெரிந்தது. சாமி சதுரங்கம் ஆடின மண்ணில், சமமாக உட்கார்ந்ததற்குச் சாணிப்பால்!

செஸ்ஸின் சட்டத்தைப் பாருங்கள். ஆடுமுன் இரண்டு பேரும் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். தொட்ட காயை நகர்த்தியே ஆக வேண்டும். வெட்டின காயை எதிராளி தன் கையால் எடுக்கிறான். இந்த ஆட்டத்தில் வெள்ளை வைத்தவன் அடுத்த ஆட்டத்தில் கறுப்பு வைக்கிறான், முதல் நகர்வுக்கு யாருக்கும் பட்டா கிடையாது. தொடாமல் ஆட முடியாத ஆட்டம் இது. கையில் சாதிக் கயிறு கட்டிக்கொண்டு வகுப்புக்கு வருகிற காலம். 2023இல் நாங்குநேரியில் கூடப் படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். நீதிபதி சந்துரு குழு 2024இல் அறிக்கை கொடுத்துவிட்டது. அறிக்கையும் பீரோ மேலே போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு பலகையால் சாதி ஒழிந்துவிடும் என்று சொல்ல நான் பைத்தியக்காரன் இல்லை. ஆனால் ஊர்த் தெருப் பையனும் நம்ம பொண்ணும் ஒரு மணி நேரம் எதிரெதிரே உட்கார்ந்து, அவள் 'செக்' சொல்ல, அவன் தலையைச் சொறிந்துகொண்டு யோசிக்கிறானே, அந்த ஒரு மணி நேரம் நமக்கு வேண்டும்.

தோழர் ஒருவர் சண்டைக்கு வந்தார். 'பஞ்சமி நிலம் மீளல. 2022இல் வேங்கைவயல்ல குடிதண்ணித் தொட்டியில மலம் கலந்தான். இதுல செஸ் ஒரு கேடா?' என்றார். கோபம் நியாயம்தான். ஆனால் நிலத்துக்குப் போராடுகிறவன் பிள்ளைக்கு ஆட்டம் எதற்கு என்பது யார் பேச்சு தோழரே? அது ஆண்டை பேச்சு. வெண்மணியில் 1968இல் 44 பேரை எரித்தது கூலி நெல் தகராறுக்கு மட்டுமா? சமமாக நின்று பேசியதற்கும் சேர்த்துத்தான். நிலமும் வேண்டும், பலகையும் வேண்டும்.

குகேஷோடு நமக்குப் பகை இல்லை. அந்தப் பையனின் உழைப்பு சத்தியம். அவனோடு ஊர் ஊராகப் போக, மருத்துவரான அப்பா தன் தொழிலையே நிறுத்தி வைத்தார். நடவுக்குப் போகிற அம்மா ஒருநாள் நிறுத்தினால் அன்றைக்கு உலை ஏறாது. சிப்பாய் கடைசிக் கட்டத்துக்குப் போனால் ராணியாகலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள், வழியில் வெட்டுப்பட்ட சிப்பாய்களைப் பற்றிப் பேசுவதில்லை.

ஆகவே அரசைக் கேட்கிறோம். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளில் பலகையும் பாடவேளையும் சொல்லித்தர ஆளும் வேண்டும். காய் தொலைந்தால் ஆசிரியர் தலையில் கட்டாதே. போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு நுழைவுக் கட்டணம், பஸ் சார்ஜ், கூடப் போகிற தாய்க்கு அன்றைய கூலி, மூன்றையும் கொடு.

அரசு தருகிற வரைக்கும் நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். மாணவத் தோழர்களே, சேரியில் இரவுப் பாடசாலை நடத்துகிறீர்கள். ஒரு அட்டையில் 64 கட்டம் போடுங்கள். 32 சோடா மூடியில் காயின் பேரை எழுதுங்கள். அப்புறம் அடுத்த கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்கு நம்ம புள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுப் போங்க. அங்கே பீரோ மேலே இருக்கிற பலகையை இறக்கச் சொல்லுங்க. இறக்க மாட்டேன்னா, ஏன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க.