சாவியும் சீட்டும்

கறுப்புத் திரையில் ஒற்றை வரிக் கட்டளையைத் தட்டியவுடன் ஸ்பாட்டிஃபை போன்ற சங்கீதச் சேவைக்குள் நம்மை அழைத்துச் செல்லும் சிறு கருவிகள், நமது கடவுச்சொல்லை ஒருபோதும் கேட்கலாகாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதற்குரிய உத்தமமான மார்க்கத்தை 2012-இல் வெளியான ஓஆத் 2.0 நெறிமுறை வகுத்திருக்கிறது: கருவி பிரௌசரைத் திறக்க, சேவையின் சொந்தப் பக்கத்திலேயே நாம் சம்மதம் அளிக்க, கருவியின் கைக்கு சிறிது நேரமே (ஸ்பாட்டிஃபையில் ஒரு மணி நேரம்) செல்லுபடியாகும் டோக்கனும், அதைப் புதுப்பிக்கும் இன்னொரு டோக்கனும் மாத்திரமே வந்து சேருகின்றன. வீட்டுச் சாவியைக் கொடுக்காமல் நுழைவுச் சீட்டை மட்டும் கொடுப்பதற்கு ஒப்பான இந்த ஏற்பாட்டில், கொடுத்த சீட்டை வேண்டும்போது ரத்து செய்யும் உரிமையும் நமக்கே உண்டு.

ஆயினும் அந்த இரண்டாவது டோக்கன் கோப்பாகக் கணினியில் தங்குவதால், லினக்ஸில் அதற்கு 600 என்னும் அனுமதியை இட்டு, உரிமையாளரைத் தவிர வேறெவரும் வாசிக்க இயலாதபடி காப்பது கருவியை இயற்றுவோரின் கடமை. சௌகரியத்துக்காக ரகசியத்தைப் பணயம் வைப்பது விவேகமன்று.