அர்ஜன் சிங்கின் தோளில் எத்தனை நட்சத்திரம்?

1965 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றி எழுதுபவர்களில் ஒருவர் அர்ஜன் சிங்கை ஏர் மார்ஷல் என்கிறார், இன்னொருவர் ஏர் சீஃப் மார்ஷல் என்கிறார், மூன்றாமவர் விமானப்படை மார்ஷல் என்கிறார். மூன்றும் அவர் வகித்தவைதான், காலம்தான் வேறு. போரின்போது இந்திய விமானப்படைத் தளபதியாக இருந்த அவர் மூன்று நட்சத்திர ஏர் மார்ஷல். அன்றைய விமானப்படைத் தளபதிக்கு அவ்வளவுதான் தகுதி. தரைப்படைத் தளபதி ஜெனரல் சௌத்ரியைவிட ஒரு படி கீழே. 1966 ஜனவரியில்தான் விமானப்படைத் தளபதி பதவி நான்கு நட்சத்திர ஏர் சீஃப் மார்ஷல் நிலைக்கு உயர்ந்தது. ஐந்தாவது நட்சத்திரம், அதாவது விமானப்படை மார்ஷல் பதவி, 2002-ல், அவருடைய 82 வயதில் வந்தது. விமானப்படையில் வேறு யாரும் அதைப் பெற்றதில்லை.

விமானியாக அவர் செய்ததும் தளபதியாகச் செய்ததும் ஒன்றல்ல. 1938-ல் பிரிட்டனின் கிரான்வெல் கல்லூரியில் சேர்ந்தார். வடமேற்கு எல்லையில் வாபிட்டி என்ற இரட்டை இறக்கை விமானம் ஓட்டினார். 1944-ல் இம்பாலில் முதலாம் ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிப் பதக்கம் பெற்றார். மறு ஆண்டே, கண்ணூரில் ஒரு வீட்டின் மேல் தாழப் பறந்ததற்காக ராணுவ நீதிமன்றத்தின் முன் நின்றார். புகழ்மாலைகளில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது, ஏனோ தெரியவில்லை.

தளபதியின் வேலை எத்தகையது என்பதற்கு 1965 செப்டம்பர் 1 மாலையைப் பார்க்கலாம். ஜம்முவின் சம்ப் பகுதியில் பாகிஸ்தான் டாங்கிகள் அக்னூரை நோக்கி முன்னேறின. தரைப்படை உதவி கேட்டது. எவ்வளவு நேரத்தில் விமானங்கள் போகும் என்று பாதுகாப்பு அமைச்சர் சவான் கேட்க, ஒரு மணி நேரத்தில் என்றார் அர்ஜன் சிங். இருட்டுவதற்குள் பதான்கோட்டிலிருந்து வாம்பயர், மிஸ்டேர் விமானங்கள் கிளம்பின. பலரும் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் வாம்பயர் வயதான விமானம். பாகிஸ்தானின் சேபர் போர் விமானத்துக்கு ஈடாகாது. நான்கு வாம்பயர்கள் வீழ்ந்தன. தரையோடு சரியான தொடர்பு இல்லாததால் சில தாக்குதல்கள் நம் படையினர் மீதே விழுந்தன.

பிறகு வாம்பயர்களை முன்னணிப் போரிலிருந்து விலக்கி, சிறிய நேட் விமானங்களைப் பதான்கோட்டுக்கு வரவழைத்தார்கள். செப்டம்பர் 3 அன்று அவை சேபர்களை எதிர்கொண்டன. முதல் நாள் உத்தரவைவிட இந்தத் திருத்தத்தைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன்.

இன்னொரு சந்தேகமும் வாசகர்களுக்கு வரும்: 45 வயதில் ஒருவர் எப்படித் தளபதியானார்? பிரிட்டிஷ் அதிகாரிகள் வெளியேறியதும் மேல் பதவிகள் காலியாகி, இளம் இந்தியர்கள் வேகமாக ஏறினார்கள். அதனால்தான் ஐந்தாண்டுகள் தளபதியாக இருந்தும் 1969-ல் 50 வயதிலேயே அவர் ஓய்வு பெற்றார். இன்றைய விதிப்படி தளபதிக்கு மூன்றாண்டு, அல்லது 62 வயது வரை. இரண்டில் எது முந்துகிறதோ அது.