கணனிப் பக்கம்: கணனி கதைக்கவில்லை



இம்முறை அச்சுப்பொறி பற்றி எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதை அடுத்த மாதத்துக்குத் தள்ளி வைக்கிறேன். காரணம், முல்லைத்தீவு மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து வந்த கடிதம்.

கடிதத்தைச் சொன்னவர் ஒருவர், எழுதியவர் வேறொருவர். சொன்ன சகோதரிக்கு 2009 இல் ஷெல் துண்டு பட்டு இரண்டு கண்களிலும் பார்வை போய்விட்டது. பக்கத்து வீட்டுப் பிள்ளை அவருக்காக எழுதியிருக்கிறாள். "அக்கா, எங்கட சங்கத்துக் கணனி மூண்டு கிழமையாக் கதைக்குதில்லை. மற்ற ஆக்களுக்கு அது வேலை செய்யுது. எனக்கு மட்டும் இல்லை" என்று கடிதம் தொடங்குகிறது.

விடயம் இதுதான். அவர்களுடைய மாதர் சங்கத்துக்கு அன்பளிப்பாகக் கிடைத்த பழைய மேசைக் கணனியில் உபுண்டு என்ற லினக்ஸ் வகை இயங்குதளம் போடப்பட்டிருக்கிறது. உபுண்டுவில் ஓர்கா என்ற திரைவாசிப்பான் கூடவே வருகிறது. திரையில் உள்ளதை அது குரலில் வாசிக்கும். தமிழையும் வாசிக்கும். குரல் கொஞ்சம் இயந்திரக் குரல்தான், முதல் நாள் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். இந்தச் சகோதரி அந்தக் குரலைக் கேட்டுக் கேட்டுத் தமிழில் தட்டச்சு செய்யப் பழகியவர். சங்கத்தின் கூட்ட அறிக்கை, பிரதேச செயலகத்துக்குப் போகும் கடிதங்கள் எல்லாம் அவர்தான் அடிப்பார். அதற்குச் சங்கம் ஒரு சிறு தொகை கொடுக்கிறது. சத்தம் நின்றதும் அந்த வேலையும் நின்றுவிட்டது. சென்ற மாத அறிக்கையை வேறொரு பிள்ளை அடித்திருக்கிறாள். "அவ நல்லாத்தான் அடிச்சிருக்கிறா" என்றும் கடிதத்தில் இருக்கிறது. அந்த வரியை வாசித்த பிறகுதான் இந்த மாதம் இதையே எழுதுவது என்று முடிவு செய்தேன்.

கணனியைக் கடைக்கு ஏற்றியும் இறக்கியும் இருக்கிறார்கள். சவுண்ட் போய்விட்டது, மதர்போட் மாற்ற வேண்டும் என்று கடையில் சொன்னார்களாம். பிறகு, இது லினக்ஸ்தானே, வின்டோஸ் போட்டால் சரிவரும் என்றும் சொன்னார்களாம். மதர்போட்டில் பழுது என்றால் வின்டோஸ் போட்டு எப்படிச் சரிவரும் என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. பழுது பார்ப்பவரிடம் கேள்வி கேட்கலாம், சகோதரிகளே. காசு கொடுப்பது நாங்கள்.

நான் தொலைபேசியில் எடுத்து ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "தங்கச்சி, எந்த நாளில இருந்து சத்தம் இல்லை?"

"மொனிற்றர் மாத்தின நாளில இருந்துதான் அக்கா."

பழைய மொனிற்றர் இடி மின்னலில் பழுதாகி, யாரோ பாவித்த வேறொன்றைக் கொடுத்திருக்கிறார்கள். பழையதில் இருந்தது நீலத் தலையுள்ள தடித்த வயர். அது வீ.ஜீ.ஏ. வயர், படத்தை மட்டும் கொண்டு போகும். புதிதாக வந்தது எச்.டி.எம்.ஐ. வயர். அது படத்தையும் சத்தத்தையும் சேர்த்துக் கொண்டு போகும். அந்த வயரைச் செருகியதும் கணனி, சத்தத்தையும் மொனிற்றருக்கே அனுப்பத் தொடங்கிவிட்டது. மொனிற்றரிலோ ஸ்பீக்கர் இல்லை. மேசையில் இருந்த ஸ்பீக்கர் சும்மா இருந்தது. எதுவும் பழுதாகவில்லை. சத்தம் வேறு வாசலால் போய்க்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

இதைச் சரிசெய்ய அந்தப் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு நிமிடம் போதுமாக இருந்தது. திரையின் மேல் வலது மூலையை அழுத்தி, செற்றிங்ஸ் என்பதற்குள் போய், சவுண்ட் என்ற பகுதியைத் திறக்க வேண்டும். அங்கே அவுட்புட் என்ற இடத்தில் எச்.டி.எம்.ஐ. என்று இருந்ததை லைன் அவுட் என்று மாற்றினாள். சில கணனிகளில் ஸ்பீக்கர்ஸ் அல்லது ஹெட்போன்ஸ் என்று இருக்கும். பக்கத்திலேயே டெஸ்ட் என்ற பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் இடப்பக்கமா வலப்பக்கமா என்று ஒரு குரல் ஆங்கிலத்தில் சொல்லும். அந்தக் குரல் வந்தபோது தொலைபேசியில் எனக்கும் கேட்டது.

எல்லோருக்கும் இதே காரணமாக இருக்காது. ஆகையால் சத்தம் வரும் வழியைக் கொஞ்சம் விளங்கிக்கொள்வது நல்லது. கிணற்றுத் தண்ணீர் பம்ப், தாங்கி, குழாய், பைப் என்று நாலு இடம் தாண்டித்தான் வாளிக்கு வருகிறது. எங்கே ஒரு வால்வு பூட்டியிருந்தாலும் வாளி வெறுமைதான். அதற்காகக் கிணறு வற்றிவிட்டது என்று சொல்ல மாட்டோம். கணனியிலும் அப்படியே. பாட்டோ ஓர்காவின் குரலோ முதலில் ஒலியைப் பங்கிடும் மென்பொருளுக்குப் போகிறது. பழைய உபுண்டுவில் அதன் பெயர் பல்ஸ் ஓடியோ. 2022 ஒக்டோபரில் வந்த 22.10 பதிப்பிலிருந்து பைப்வயர். அதற்குக் கீழே அல்சா என்று ஒன்று இருக்கிறது. மதர்போட்டில் உள்ள ஒலிச் சில்லுடன் கதைப்பது அதுதான். சில்லிலிருந்து பின்பக்கத் துளை, அங்கிருந்து வயர், பிறகு ஸ்பீக்கர். தேடும்போது வாளிப் பக்கத்திலிருந்து கிணற்றுப் பக்கம் போக வேண்டும். பலர் கிணற்றிலிருந்து தொடங்குவதால்தான் வீண் செலவு.

ஆகவே முதலில் ஸ்பீக்கர். அதற்குக் கரண்ட் வருகிறதா, அதன் சுவிச் போட்டிருக்கிறதா, சத்தக் குமிழ் குறைத்திருக்கிறதா என்று பாருங்கள். வயரைக் கழற்றி, பழைய வகைக் கைத்தொலைபேசியின் ஹெட்போன் துளையில் செருகிப் பாட்டுப் போடுங்கள். பாட்டுக் கேட்டால் ஸ்பீக்கரும் வயரும் நல்லவை. பிறகு கணனியின் பின்பக்கம். அங்கே நிறத் துளைகள் இருந்தால், பச்சை ஸ்பீக்கருக்கு, இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து வரும் ஒலிக்கு. அறை கூட்டித் துடைத்த அன்று வயரைக் கழற்றி மாறிச் செருகுவது நாங்கள் எல்லோரும் செய்கிற வேலை. முன்பக்கத் துளையில் யாராவது ஹெட்போனைச் செருகி மறந்துவிட்டாலும் பின்பக்க ஸ்பீக்கர் தானாக அடங்கிவிடும். அதையும் பாருங்கள்.

இவை சரியென்றால்தான் செற்றிங்ஸுக்குள் போவது. அங்கே சத்தக் கோடு பூச்சியத்தில் இருக்கிறதா, ஸ்பீக்கர் படத்தின் மேல் வெட்டுக்கோடு விழுந்திருக்கிறதா, மேலே சொன்ன அவுட்புட் எங்கே காட்டுகிறது என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

அதிலும் கிடைக்காவிட்டால் அல்சாவின் வால்வுகள். இதற்குக் கொன்ட்ரோல், ஆல்ட், ரீ என்ற மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் ஒரு கறுப்புப் பெட்டி திறக்கும். அதைக் கண்டு பயப்பட வேண்டாம். அதில் ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ஏ, எல், எஸ், ஏ, எம், ஐ, எக்ஸ், ஈ, ஆர் என்று இடைவெளி விடாமல் அடித்து என்டர் அழுத்துங்கள். எஃப்6 விசையை அழுத்தினால் ஒலிச் சில்லுகளின் பெயர்கள் வரும். உங்களுடையதைத் தெரிவு செய்தால் வரிசையாகக் கம்பங்கள் தெரியும். ஏதாவது ஒரு கம்பத்தின் அடியில் எம் எழுத்து இரண்டு தரம் இருந்தால் அந்த வால்வு பூட்டிக் கிடக்கிறது. அம்பு விசையால் அங்கே போய் எம் விசையை ஒருமுறை தட்டினால் திறக்கும். மேல் அம்பு சத்தத்தைக் கூட்டும். மாஸ்டர், ஹெட்போன், பீ.சீ.எம். என்ற மூன்றையும் முக்கியமாகப் பாருங்கள். வெளியே வர எஸ்கேப். என்னிடம் வந்த கணனிகளில் கடையில் கைவிடப்பட்ட இரண்டு, இந்த எம் விசையால் கதைக்கத் தொடங்கியவை.

அவுட்புட் இடத்தில் டமி அவுட்புட் என்று மட்டும் இருந்தால் நிலைமை வேறு. கணனி எந்த ஒலிச் சில்லையும் காணவில்லை என்று அதற்கு அர்த்தம். கணனியை முழுதாக நிறுத்தி, கரண்ட் வயரையும் கழற்றி, சிறிது நேரம் விட்டுத் திரும்பப் போட்டுப் பாருங்கள். சரிவராவிட்டால் உபுண்டு நிறுவும் பென் டிரைவிலிருந்து கணனியைத் தொடங்கி, நிறுவாமலே பார்க்கும் வழியில் உள்ளே போய் ஒரு பாட்டைப் போடுங்கள். அதில் சத்தம் வந்தால் மதர்போட்டுக்கு ஒன்றுமில்லை, உள்ளே உள்ள மென்பொருளில்தான் குழப்பம். கடைக்காரர் மதர்போட் என்று சொல்வதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட்டுப் போங்கள். இதிலும் சத்தம் இல்லையென்றால், கணனியின் பயோஸ் அமைப்பில் ஒலி நிறுத்தப்பட்டிருக்கிறதா என்று தெரிந்தவரைக் கொண்டு பார்ப்பிக்கலாம். உண்மையிலேயே சில்லுப் போய்விட்டாலும் மதர்போட் மாற்றத் தேவையில்லை. யூ.எஸ்.பி. துளையில் செருகும் சிறிய ஒலிக் கருவி விற்கிறார்கள். மதர்போட்டின் விலையோடு பார்த்தால் அது ஒன்றுமேயில்லை. லினக்ஸில் அவற்றுள் பெரும்பாலானவை தனி மென்பொருள் எதுவும் போடாமலே வேலை செய்யும்.

இவ்வளவும் கண் தெரிந்தவர்களுக்கு. கடிதம் சொன்ன சகோதரிக்கு இதில் பாதி பயன்படாது. சத்தம் இல்லாத கணனியில் எந்த விசை எதைத் திறந்தது என்று அவருக்குத் தெரியாதே. தொலைபேசியில் அவர் அதைத்தான் கேட்டார். "அடுத்த முறை நிண்டால் பிள்ளை பள்ளிக்கூடத்தால வரும்வரை இருக்கவேணுமோ?"

இருக்க வேண்டியதில்லை. யூ.எஸ்.பி. முனையுள்ள ஹெட்போன் ஒன்றை மேசை லாச்சியில் வைத்திருங்கள். அதற்குள்ளேயே அதன் ஒலிச் சில்லும் இருக்கிறது. செருகியவுடன் புதிய கருவி வந்திருக்கிறது என்று கண்டு, உபுண்டு பெரும்பாலும் தானாகவே சத்தத்தை அதற்கு மாற்றிவிடும். ஓர்கா காதில் கதைக்கத் தொடங்கும். பிறகு அந்தக் குரலைக் கொண்டே செற்றிங்ஸுக்குள் போய் மற்றதைச் சரிபார்க்கலாம். வின்டோஸ் அடையாளம் உள்ள விசையைத் தட்டி, சவுண்ட் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து என்டர் அழுத்தினால் அந்தப் பகுதி திறக்கும். ராப் விசையால் ஒவ்வொன்றாக நகரலாம்.

இன்னொன்று. பாட்டுக் கேட்கிறது, ஆனால் ஓர்கா மட்டும் கதைக்கவில்லை என்றால் ஸ்பீக்கரைத் தேட வேண்டாம். இன்சேர்ட் விசையும் எஸ் விசையும் சேர்ந்து தட்டுப்பட்டால் ஓர்கா வாயை மூடிக்கொள்ளும். சின்னப் பிள்ளைகள் விசைப்பலகையில் விளையாடும் வீடுகளில் இது நடக்கும். அதையே திரும்ப அழுத்தினால் வாய் திறக்கும். அதற்கும் வராவிட்டால் வின்டோஸ் விசை, ஆல்ட், எஸ் மூன்றையும் சேர்த்து ஒருமுறை அழுத்தி, சற்றுப் பொறுத்து மறுபடி அழுத்துங்கள். ஓர்கா நின்று திரும்ப எழும்பும்.

வின்டோஸ்காரச் சகோதரிகள் கோபிக்க வேண்டாம். உங்களுக்கும் என்.வீ.டி.ஏ. என்ற இலவசத் திரைவாசிப்பான் இருக்கிறது. அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006 இல் தொடங்கிய வேலை அது. பிறகு பார்வையற்ற இன்னொருவரும் சேர்ந்துகொண்டார். மொனிற்றருக்குச் சத்தம் ஓடிவிடுவது வின்டோஸிலும் நடக்கும். ஆகவே மொனிற்றர் மாற்றினால், எந்த இயங்குதளமானாலும், அன்றே ஒரு பாட்டைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

சங்கத் தலைவியோடும் கதைத்தேன். இந்த மாத அறிக்கையைப் பழையபடி அந்தச் சகோதரியே அடிக்கிறார். இடையில் அடித்த பிள்ளை கணக்குப் பகுதியைப் பார்க்கிறாள்.

அச்சுப்பொறி அடுத்த இதழில் நிச்சயம் வரும். தாள் சிக்குவது, மை காய்வது பற்றிக் கேள்விகள் இருந்தால் இந்த மாத இறுதிக்குள் தபாலட்டையில் எழுதி அனுப்புங்கள். அச்சுப்பொறியின் பெயரையும் இலக்கத்தையும் எழுத மறக்க வேண்டாம். போன தடவை வந்த ஒன்பது அட்டைகளில் ஏழில் அது இல்லை.