ஜுஜுரானாவும் கோனோமா கிராமமும்

பறவைக்குக் கொம்பு முளைக்குமா? டிராகோபன் என்ற இமயமலைக் காட்டுக்கோழிக்கு முளைக்கும். ஆண் பறவை பெடையின் முன் ஆடும்போது தலையில் இரண்டு நீலநிறச் சதைக் கொம்புகள் நிமிர்கின்றன. கழுத்தடியில் வண்ணத் தோல்மடல் விரிகிறது.

உலகில் ஐந்து வகை டிராகோபன்கள் உள்ளன. அவற்றுள் மேற்கு டிராகோபன், பிளித் டிராகோபன் ஆகிய இரண்டும் அழிவு அபாயப் பட்டியலில் இருக்கின்றன. முன்னது இமாச்சலத்தின் மாநிலப் பறவை, பின்னது நாகாலாந்தின் மாநிலப் பறவை.

மேற்கு டிராகோபனின் முகம் சிவப்பு. கருத்த உடலெங்கும் வெள்ளைப் புள்ளிகள். எல்லாப் பறவைகளும் ஆளுக்கொரு இறகு தந்து உருவானது என்று இமாச்சல மக்கள் கதை சொல்கிறார்கள். அவர்கள் வைத்த பெயர் ஜுஜுரானா, அதாவது பறவைகளின் அரசன். பிளித் டிராகோபனுக்கு முகம் மஞ்சள், கழுத்தும் மார்பும் சிவப்பு, வயிறு சாம்பல். மற்ற காட்டுக்கோழிகள் தரையில் முட்டையிட, இவை பெரும்பாலும் மரத்தில் கூடு கட்டுகின்றன. ஆகவே மரம் போனால் வம்சமும் போகும்.

இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான்: வேட்டையும் காடழிப்பும். ஆனால் காப்பாற்றும் வழிகள் வேறு வேறு.

இமாச்சலத்தில் அரசு முன்னின்றது. சராஹன் இனப்பெருக்க மையத்தில் 2005ல் ஜுஜுரானா கூண்டுக்குள் குஞ்சு பொரித்து வளர்ந்தது. இது பெரிய சாதனை. 1999ல் பெரிய இமயமலை தேசியப் பூங்கா முறையாக அறிவிக்கப்பட்டது. ஆனால் தலைமுறைகளாக அங்கே ஆடு மேய்த்தவர்களும் மூலிகை பறித்தவர்களும் அந்த உரிமையை இழந்தனர். கசப்பு மிஞ்சியது.

நாகாலாந்தின் கோனோமாவில் நடந்தது வேறு கதை. அங்கு 1993ல் ஒரே வாரத்தில் சுமார் 300 டிராகோபன்கள் வேட்டையாடப்பட்டதாகச் சொல்லப்படுகிறது. அதைக் கண்டு கலங்கிய கிராமத்துப் பெரியவர்கள் பேசிப் பேசி, 1998ல் தங்கள் சொந்தக் காட்டையே சரணாலயமாக்கினர். வேட்டை எங்கள் பரம்பரைப் பழக்கம் என்ற எதிர்ப்பு ஊருக்குள்ளேயே எழாமல் இல்லை. ஆனாலும் தடை நிலைத்தது. காரணம், அது ஊர் தானே போட்டுக்கொண்ட தடை.

கூண்டு தேவையில்லை என்பதல்ல வாதம். இனமே அழியும் நிலை வந்தால் கூண்டில் உள்ள பறவைதான் கடைசிக் கையிருப்பு. ஆனால் அதைத் திரும்பக் கொண்டு விடுவதற்குக் காடு வேண்டும். காட்டைக் காவலர்கள் சிலரால் மட்டும் காக்க முடியாது, பக்கத்தில் வாழும் மக்களும் காக்க வேண்டும்.

ஜுஜுரானாவை அரசன் என்று அழைக்கும் மக்களையே அதன் காவலர்களாக்கினால் என்ன? கோனோமா அதற்குப் பதில் சொல்லி வருடங்கள் பல ஆகிவிட்டன.