மனவடுவும் மதுவும்

வள்ளுவர் கள்ளுண்ணாமையை அறத்துப்பாலில் வைத்தாரல்லர், பொருட்பாலில் வைத்தார். ஆராய்ந்து முடிவு செய்யும் முறையைக் கூறும் 'தெரிந்து செயல்வகை' 47ஆம் அதிகாரமாகவும், 'கள்ளுண்ணாமை' 93ஆம் அதிகாரமாகவும் அப்பாலிலேயே அமைந்துள்ளன. மது ஒழுக்கக் கேடு மட்டுமன்று. அறிவைத் தன் தொழிலைச் செய்யவொட்டாது தடுக்கும் பொருளுமாகும் என்று நாம் கருத இவ்வைப்பு முறை இடந்தருகின்றது. இப்பார்வை இன்று நமக்குப் பெரிதும் வேண்டப்படுவதாகும்.

2009ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்தது. ஆயினும், அதனைக் கண்டவர் பலரின் உள்ளத்தில் அது முடிந்தபாடில்லை. தவறணை வாயிலில் ஒருவனைக் கண்டால் 'குடிகாரன்' என்னும் ஒரு சொல்லால் அவன் வரலாறு முழுவதையும் மூடிவிடுகின்றோம். எதனை மறக்க அவன் குடிக்கின்றான் என்று வினவுவார் நம்மிடையே எத்துணைப் பேர்?

வியட்நாம் போரிலிருந்து மீண்ட படைவீரர் பலரின் துன்பங்கள் மருத்துவ உலகின் கருத்தை ஈர்த்தமையால், அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980ஆம் ஆண்டில் இந்நோயைத் தன் நோய்ப் பட்டியலிற் சேர்த்தது. நம் வைத்தியர்கள் இதற்கு 'மனவடு' என்னும் பொருத்தமான பெயரை வழங்கினர். போர் நம் மக்களின் உள்ளத்தில் விளைத்த காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து, 1998இல் ஆங்கில நூலாக வெளியிட்டார்.

மனவடு உற்றவரின் மூளையில் அச்சத்தை எழுப்பும் பகுதி ஓயாது விழித்திருக்கின்றது. அதனை அடக்கி, நன்மை தீமைகளைச் சீர்தூக்கும் முன்மூளையின் பிடியோ தளர்ந்திருக்கின்றது. பட்டாசு வெடித்தாலும் ஷெல் விழுந்ததெனவே உடல் பதறும். மது உள்ளே சென்றதும் அப்பதற்றம் சற்றே அடங்குவது உண்மை. ஆனால், ஏற்கனவே தளர்ந்த முன்மூளையை அது மேலும் தளர்த்துகின்றது. காவல் நாய் குரைப்பது பொறாது, காவற்காரனையும் சேர்த்து உறங்கவைப்பது போன்றதே இது.

மது மனிதனின் கவனத்தைக் குறுக்கி, அண்மையிலுள்ளதை மட்டுமே காணச் செய்கின்றது என்று குளோட் ஸ்டீல், ரொபேட் ஜோசப்ஸ் என்னும் உளவியலறிஞர் இருவர் 1990இல் விளக்கினர். அறிவுக்கு நேரும் கிட்டப்பார்வை எனலாம். ஏனையோர்க்கு அண்மையிலிருப்பது இன்றைய பொழுது. மனவடு உற்றவர்க்கோ அண்மையிலிருப்பது அன்றைய பதுங்குகுழி. ஆகவே, மனைவியின் சாதாரணச் சொல்லும் பகைவன் குரலாகின்றது. கை ஓங்குவதும், கடன் பத்திரத்தில் ஒப்பமிடுவதும், உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிவதும் இந்நிலையிலேதான் எளிதில் நிகழ்கின்றன. மது உறக்கத்தை விரைந்து தரும். பின்னிரவிலோ அதனைக் குலைத்துவிடும். மறுநாள் களைப்பும் கலக்கமும் மிகுதலால் மீண்டும் மதுவையே நாடுகின்றான்.

காரணத்தை அறிதல் வேறு. குற்றத்தைப் பொறுத்தல் வேறு. அடிபட்ட மனைவிக்கும் அஞ்சி ஒடுங்கிய குழந்தைக்கும் அந்தப் போரே வடு தந்திருக்கின்றது. அவர்களைக் காத்தலே முதற்கடன். ஆயினும், வசையும் அறிவுரையும் மட்டுமே மருந்தாகா. முதலிற் குடியை விடு, பின்னர் உள்ளத்தைப் பார்ப்போம் என்று கூறிய காலமும் உண்டு. இரண்டிற்கும் ஒருங்கே சிகிச்சை அளித்தலே நன்றென்பது இன்றைய மருத்துவர் பலரின் கொள்கை. நெடுநாள் மிகுதியாகக் குடித்தவர் திடீரென நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம். ஆதலின் வைத்தியசாலையின் உளநலப் பிரிவை நாடுதல் வேண்டும். காணி விற்பனை, கடன், குடும்பப் பிரிவு முதலியவற்றைக் குடித்த பொழுதில் முடிவு செய்யாதிருக்கச் சுற்றத்தார் துணைநிற்றல் வேண்டும்.

வகுப்பில் உறங்கி விழும் மாணவனைத் தண்டிக்குமுன், அவன் வீட்டில் இரவு எவ்வாறு கழிந்ததென்று ஆசிரியர் கேட்டறிவாராக. நம் கதைகளிலும் நாடகங்களிலும் குடிகாரன் பெரும்பாலும் நகைப்புக்குரியவனாகவோ கொடியவனாகவோ வருகின்றான்; அவனுக்குப் பின்னாலுள்ள இரவையும் எழுத்தாளர் எழுதுவாராக. தெரிந்து செயலாற்றும் வல்லமையை இழந்தவனுக்கு அதனை மீட்டுக்கொடுப்பது, தெளிந்திருக்கும் நம் கடமையாகும்.