ரசிகரின் அளவுகோல்

நுழையும்முன்

தமக்குப் பிடித்த கலைஞரைப் போற்றுவது மக்களின் இயல்பு. அப்போற்றுதல் எதுவரை அன்பாக இருக்கிறது? எப்போது அது வெறும் எண்ணிக்கையாக மாறுகிறது? ஜப்பான் நாட்டின் இசைக்குழுக்களையும் அவற்றின் ரசிகர்களையும் சான்றாகக் கொண்டு, இக்கருத்துக் கட்டுரை இவ்வினாக்களுக்கு விடை காண முயல்கிறது.

ஏழு பேர்

2005-ஆம் ஆண்டு டிசம்பர் 8-ஆம் நாள். ஜப்பானின் தலைநகரான டோக்கியோவில் அகிஹபாரா என்னும் வணிகப் பகுதி உள்ளது. மின்னணுப் பொருள்களுக்குப் பெயர்பெற்ற அப்பகுதியில், அங்காடிக் கட்டடம் ஒன்றின் எட்டாவது தளத்தில் சிறிய அரங்கு ஒன்று அன்று திறக்கப்பட்டது. ஏறத்தாழ 250 பேர் மட்டுமே கூடிக் காணக்கூடிய அவ்வரங்கின் மேடையில் இளம்பெண்கள் இருபதுபேர் பாடி ஆடினர். கட்டணம் செலுத்திக் காணவந்த பொதுமக்கள் எத்தனை பேர் தெரியுமா? ஏழே பேர்! மற்றையோர் அழைப்பின்பேரில் வந்தவரும் நிகழ்ச்சியோடு தொடர்புடையவருமே ஆவர்.

அக்குழுவின் பெயர் ஏகேபி 48. பாடலாசிரியரும் தயாரிப்பாளருமான அகிமோதோ யசுஷி அதனை உருவாக்கினார். ஆறு ஆண்டுகள் கழிவதற்குள், அக்குழுவின் புதிய பாடல் தகடு ஒன்று வெளிவந்தால் பத்து இலட்சம் படிகளுக்குமேல் விற்பனையாகும் நிலை ஏற்பட்டது. ஏழு பேரை இலட்சக்கணக்கானோர் ஆக்கியது எது? ஈடு இணையற்ற குரல்வளம் என்று சொல்லிவிட முடியாது. அப்பெண்களுள் பலர் முறையான இசைப்பயிற்சி பெறாமலே மேடை ஏறியவர்கள். அவர்களை உயர்த்தியவர்கள் ரசிகர்களே. ஆகவே, அந்த ரசிகர்களைப் பற்றிச் சிந்திப்பது பயனுடையதாகும்.

வளர்ச்சியை ரசித்தல்

இத்தகைய இளங்கலைஞரை ஜப்பானியர் 'ஐடோரு' என்பர். ஆங்கிலச் சொல்லிலிருந்து பிறந்த இவ்வழக்கு, 1964-இல் அந்நாட்டில் திரையிடப்பட்ட பிரெஞ்சுத் திரைப்படம் ஒன்றினால் பரவியது என்பர். 1971-இல் தொடங்கிய தொலைக்காட்சித் திறன்தேர்வு நிகழ்ச்சி ஒன்று, எளிய குடும்பத்துப் பிள்ளைகளையும் பாடகர்களாக்கியது. அன்றுமுதல் ஐடோரு என்பவர் கைதேர்ந்த கலைஞராக அன்றி, மக்களின் கண்முன்னே படிப்படியாக வளர்பவராகவே காணப்படுகிறார்.

'மார்னிங் மூசுமே' என்னும் குழுவின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். 1997-இல் தொலைக்காட்சிப் பாடகர் தேர்வு ஒன்றில் தோல்வியுற்ற ஐந்து பெண்களுக்கு ஓர் அறைகூவல் விடுக்கப்பட்டது. ஐந்து நாள்களில் 50,000 குறுந்தகடுகளைத் தாங்களே விற்றுக்காட்டினால் அவர்களுக்கு முறையான அறிமுகம் கிடைக்கும் என்பதே அது. அவர்கள் ஊர் ஊராகச் சென்றனர். மக்கள் வரிசையில் நின்று வாங்கினர். நான்கே நாள்களில் இலக்கு எட்டப்பட்டது. தோற்றவரை வெல்ல வைத்தோம் என்னும் நிறைவு அவ்வரிசையில் நின்றோர்க்கு உரியது.

ஒருவர் தாம் விரும்பிப் போற்றும் கலைஞரை 'ஓஷி' என்று அழைப்பது இன்றைய ஜப்பானிய வழக்கு. 'தள்ளுதல்', 'பரிந்துரைத்தல்' என்னும் பொருள்களையுடைய வினையிலிருந்து அச்சொல் பிறந்தது. 'இவரை நான் முன்னே தள்ளுகிறேன்; பிறரும் இவரைக் காண வேண்டும்' என்பதே அதன் உட்பொருள். ரசிகரின் கடமை யாது என்பதை அச்சொல்லே உணர்த்திவிடுகிறது. பின்னின்று முன்னே தள்ளுவதே ரசிகரின் பணி; பிடித்திழுத்துத் தம்மிடம் வைத்துக்கொள்வது அன்று.

வீண்வேலையா?

இவ்வாறு போற்றுவது வீண்வேலை என்று பெரியோர் பலர் கருதுகின்றனர். 'நம்மை அறியாத ஒருவருக்காக நாம் ஏன் நேரத்தைச் செலவிட வேண்டும்?' என்பது அவர்கள் வினா. நியாயமான வினாவே. எனினும், அந்த ரசிகர்கள் உண்மையில் என்ன செய்கிறார்கள் என்பதைக் கண்டபிறகு விடை கூறுவதே முறை.

ஐடோரு நிகழ்ச்சியில் அவையோர் வாளா அமர்ந்திருப்பதில்லை. ஒவ்வொரு கலைஞருக்கும் உரிய நிறம் உண்டு; அந்நிறத்தில் ஒளிரும் கைவிளக்குகளை ரசிகர்கள் தாளத்திற்கேற்ப அசைப்பர். பாடலின் எவ்விடத்தில் எவர் பெயரைச் சொல்லி முழங்க வேண்டும் என்பதற்கும் ஒழுங்கு உண்டு. ஏகேபி ரசிகர்கள் பாடலின் முன்னிசையின்போது, 'டைகர்', 'ஃபயர்' எனத் தொடங்கும் சொற்கோவை ஒன்றை ஒரே குரலில் முழங்குவர். ஒருவரையொருவர் அறியாத நூற்றுக்கணக்கானோர் ஒரே நொடியில் குரல் எழுப்பவும், ஒரே நொடியில் அடங்கவும் பயிற்சி வேண்டும். பிறர் குரலுக்குச் செவிகொடுக்கும் பண்பும் வேண்டும்.

கலைஞர் ஒருவரின் பிறந்தநாளை ஒட்டி அரங்கில் நிகழ்ச்சி நடைபெறும்போது, ரசிகர்களே ஒரு குழுவாகக் கூடுவர். பணம் திரட்டி வாயிலில் மலர் அலங்காரம் வைப்பர். அவையில் உள்ள அனைவருக்கும் கைவிளக்குகளை வழங்குவர். எந்தப் பாடலின்போது அவற்றை ஒளிரச்செய்வது என்பதை முன்கூட்டியே அறிவிப்பர். இப்பணிக்கு ஊதியம் இல்லை. பாராட்டும் மிகுதி இல்லை. ஒருவர் முகத்தில் தோன்றும் வியப்பைக் காண்பதற்காகப் பலர் பல நாள்கள் உழைக்கின்றனர். கூடித் திட்டமிடுதல், கணக்கைச் சரியாக வைத்தல், பிறர் மகிழ்ச்சியில் தாம் மகிழ்தல் ஆகியவற்றை ஒரு பொழுதுபோக்கு கற்பிக்குமாயின், அதனை வீண் என்று எப்படித் தள்ளிவிட முடியும்?

ஆதலால், ரசிப்பது குற்றமன்று என்பதே என் முதற்கருத்து.

எண்ணிக்கை நுழையும் இடம்

ஆயினும், இந்த அன்பிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. 'நேரில் சென்று காணத்தக்க கலைஞர்கள்' என்பதே ஏகேபி 48 குழுவின் அடிப்படைக் கொள்கை. இதனால் கைகுலுக்கும் நிகழ்ச்சிகள் பெருகின. குறுந்தகட்டுடன் ஒரு சீட்டு வரும். அச்சீட்டைக் கொடுத்தால் விரும்பிய கலைஞரின் கையைச் சில நொடிகள் பற்றிப் பேசலாம். நேரம் முடிந்ததும் ரசிகரை மெல்ல அப்புறப்படுத்துவதற்கென்றே பணியாளர் ஒருவர் அருகில் நிற்பார். மேலும் சில நொடிகள் வேண்டுமாயின் மேலும் சில சீட்டுகள் வேண்டும். அதாவது, மேலும் சில தகடுகள் வேண்டும்.

2009-இல் ரசிகர் தேர்தல் தொடங்கியது. அடுத்த பாடலை எவரெவர் பாடுவது, நடுவில் எவர் நிற்பது என்பதை ரசிகர்களின் வாக்கு முடிவுசெய்யும். வாக்குரிமை பெரும்பாலும் குறுந்தகட்டுக்குள் வைக்கப்பட்ட சீட்டின்வழியே கிடைத்தது. ஒருவர் எத்தனை தகடுகளையும் வாங்கலாம். அத்தனை வாக்குகளையும் அளிக்கலாம். 2013-இல் முதலிடம் பெற்ற சஷிஹாரா ரினோவுக்குக் கிடைத்த வாக்குகள் 1,50,000-க்கும் மேல். அவரே மீண்டும் வென்ற 2017-இலோ 2,40,000-க்கும் மேல். முடிவுகள் தொலைக்காட்சியில் நேரலையாக ஒளிபரப்பாயின. 2018-இல் பத்தாவது தேர்தலுடன் அவ்வழக்கம் நின்றது.

இங்குதான் நாம் நிதானமாகச் சிந்திக்க வேண்டும். பொதுத்தேர்தலில் ஒருவருக்கு ஒரு வாக்கு. செல்வருக்கும் ஏழைக்கும் அதன் மதிப்பு ஒன்றே. இத்தேர்தலிலோ ஒரு தகட்டுக்கு ஒரு வாக்கு. சிற்றுண்டிச் செலவைக் குறைத்து ஒரு தகடு வாங்கிய மாணவரின் அன்பு 'ஒன்று' என்றும், நூறு தகடுகள் வாங்கியவரின் அன்பு 'நூறு' என்றும் பதிவாகின்றன. அன்பை அளக்க இதைவிடப் பிழையான அளவுகோல் வேறு உண்டா? 2017-இல் ஃபுகுவோகா மாநிலத்தின் மலைப்பகுதி ஒன்றில், இக்குழுவின் குறுந்தகடுகள் ஐந்நூற்றுக்கும் மேற்பட்டவற்றைக் கொட்டிய ஒருவர்மீது காவல்துறை நடவடிக்கை எடுத்தது. சீட்டு எடுக்கப்பட்டபின் இசை குப்பையாயிற்று. பாடலுக்காகத் தொடங்கிய அன்பு பாடலையே தூக்கி எறிந்த நிகழ்ச்சி இது.

எழுத்தாளர் உசாமி ரின் இந்நிலையைத் தம் குறும்புதினத்தில் காட்டியுள்ளார். 'ஓஷி, மோயு' என்னும் அந்நூலுக்கு 2021-ஆம் ஆண்டு ஜனவரியில், ஜப்பானின் பெருமைமிக்க அகுதாகவா பரிசு அறிவிக்கப்பட்டது. அப்போது அவருக்கு வயது 21. கதையின் தலைவி பள்ளி மாணவி. தன் ஓஷிக்காகவே பகுதிநேர வேலை செய்கிறாள்; படிப்பும் குடும்பமும் கைநழுவுகின்றன. அவர் மேடையை விட்டு விலகும்போது, அவள் கையில் எஞ்சுவது என்ன என்னும் வினாவை ஆசிரியர் நம்மிடமே விட்டுவிடுகிறார்.

அன்பும் உரிமையும்

பொருளைச் செலவிட்டவர் உரிமையை எதிர்பார்ப்பது இயல்பு. ஐடோருகள் காதலிக்கக் கூடாது என்பது அத்துறையில் நிலவிய எழுதப்பட்ட, எழுதப்படாத விதி. 2013-இல் ஏகேபி 48 குழுவின் உறுப்பினர் ஒருவரின் தனிவாழ்க்கை இதழ் ஒன்றில் வெளியானது. அவர் தம் தலைமுடியை மழித்துக்கொண்டு, கண்ணீருடன் காணொளியில் மன்னிப்புக் கேட்டார். அவர் எவருக்கும் தீங்கு செய்தவர் அல்லர். பின்னர் எவரிடம் மன்னிப்புக் கேட்டார்? ரசிகர்களிடம்! தாம் போற்றிய ஒருவர் அந்நிலைக்கு ஆளானதைக் கண்டு வருந்திய ரசிகர்களும் பலர்.

2016-ஆம் ஆண்டு ஜனவரியில், வேறொரு கலைஞரின் வழக்கில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் தீர்ப்பு வழங்கியது. விதியை மீறியதற்காக நிறுவனம் கேட்ட இழப்பீட்டை அது மறுத்தது. அன்புறவு கொள்வது ஒருவர் தம் வாழ்வை வளப்படுத்திக்கொள்ளும் உரிமையைச் சார்ந்தது எனக் கருதியது. மேடையில் நிற்பவரும் மனிதரே என்பதை ஒரு நீதிமன்றம் எடுத்துரைக்க வேண்டியிருந்தது. ரசிகர்களாகிய நாம் அதனை நீதிமன்றம் சொல்லாமலே அறிந்திருக்க வேண்டாவா? நுழைவுச்சீட்டு ஒரு நிகழ்ச்சியைக் காணும் உரிமையைத் தரும். ஒருவர் வாழ்வை ஆளும் உரிமையைத் தாராது.

விடைகொடுத்தல்

இத்துறையில் நான் பெரிதும் மதிக்கும் வழக்கம் ஒன்று உண்டு. ஐடோரு ஒருவர் குழுவைவிட்டு விலகுவதை 'சொட்சுக்யோ' என்பர். பள்ளிப்படிப்பை நிறைவுசெய்து வெளியேறுதல் என்பது அச்சொல்லின் பொருள். மார்னிங் மூசுமே குழுவைத் தொடங்கிய ஐவரும் விலகிப் பல ஆண்டுகள் ஆயின. புதியவர் வருகையால் குழு தொடர்கிறது. ஏகேபி 48 குழுவின் முதல் தேர்தலில் முதலிடம் பெற்றவர் மாஎதா அட்சுகோ. முதல்நாள் மேடையேறிய இருபதுபேருள் அவரும் ஒருவர். 2012 ஆகஸ்டில், பல்லாயிரம் பேர் கூடும் டோக்கியோ டோம் அரங்கில் அக்குழு மூன்று நாள்கள் பாடியது. அதற்கு மறுநாள், அவர் தம் இறுதி நிகழ்ச்சியை அகிஹபாராவின் அதே சிறிய அரங்கில் நிகழ்த்தி விடைபெற்றார்.

விடைபெறும் நாளில் ரசிகர்கள் அழுவர். ஆனாலும் கைவிளக்கை உயர்த்தி வழியனுப்புவர். தம் ஓஷியை முன்னே தள்ளியவர்கள், அவர் தம்மைக் கடந்து செல்வதையும் ஏற்றுக்கொள்கிறார்கள். வளர்த்தவர் வழியனுப்பவும் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது. பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் உரிய இப்பண்பை ஓர் இளம் ரசிகர் பதினைந்து வயதிலேயே பெறுகிறார் என்றால், அது சிறிய பேறு அன்று.

இசைக்குழுவோ, விளையாட்டு வீரரோ, திரைக்கலைஞரோ, நீங்களும் எவரையேனும் போற்றக்கூடும். போற்றுங்கள். ஆனால், உங்கள் அன்பை அளக்கும் கோலைப் பிறர் கையில் கொடுத்துவிடாதீர்கள். எத்தனை வாங்கினோம் என்பதை விற்பவர் எண்ணட்டும். 'என் அன்பு அவரை முன்னே செலுத்துகிறதா? என் கடமைகளை நான் மறவாதிருக்கிறேனா? அவர் விலகும் நாளில் மகிழ்ச்சியோடு விடைகொடுப்பேனா?' என்று நாம் நம்மையே கேட்டுக்கொள்வோம். முதல்நாள் அவ்வரங்கிற்கு வந்த ஏழு பேருக்கு வாக்குச்சீட்டு இல்லை. வெற்றி பெறும் குழு இது என்னும் உறுதியும் இல்லை. அறியாத இருபது பெண்களின் பாடலைக் கேட்க வந்தார்கள்; கேட்டார்கள். ரசிகர் என்னும் பெயருக்கு அதுவே போதுமான தகுதி என்பது என் கருத்து.

சிந்தித்து விடை எழுதுக

1. 'ஓஷி' என்னும் சொல்லின் பொருள் ரசிகரின் கடமையை எவ்வாறு உணர்த்துகிறது?
2. பொதுத்தேர்தலுக்கும் ரசிகர் தேர்தலுக்கும் இடையே கட்டுரையாளர் காணும் வேறுபாடு யாது?
3. 'நுழைவுச்சீட்டு ஒரு நிகழ்ச்சியைக் காணும் உரிமையைத் தரும். ஒருவர் வாழ்வை ஆளும் உரிமையைத் தாராது.' இக்கருத்தை நீவிர் ஏற்கின்றீரா? காரணம் தந்து எழுதுக.
4. நீவிர் போற்றும் கலைஞர் அல்லது விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றி, கட்டுரையின் இறுதியில் உள்ள மூன்று வினாக்களுக்கும் விடையளிக்கும் வகையில் ஒரு பத்தி எழுதுக.