டிரையத்லான் ஆசை: முதற்செலவு எதற்கு?

மருத்துவர் அறையில் அண்மைக்காலமாகப் புதிய கேள்வியொன்று எழுகிறது. சர்க்கரை அளவைக் குறைப்பதற்காக நடக்கத் தொடங்கியவர், நடை ஓட்டமாகி அந்த ஓட்டத்தில் இன்பம் கண்டவர், நாற்பது வயதை நெருங்குபவர். அத்தகைய ஒருவர் வந்து அமர்ந்து, “டாக்டர், அடுத்த ஆண்டு டிரையத்லானில் கலந்துகொள்ள ஆசைப்படுகிறேன். சைக்கிளுக்கு எவ்வளவு பணம் சேர்க்க வேண்டும்?” என்று கேட்கிறார். உடன் வந்த மனைவியோ, “இவர் உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் நாங்கள் என்ன செய்வது?” என்று கேட்கிறார். கணவர் பணத்தை நினைக்கிறார். மனைவி உயிரை நினைக்கிறார். இவ்விரு கேள்விகளுக்கும் விடை ஒன்றே என்பது என் கருத்து. அதனை விளக்கவே இதை எழுதுகிறேன்.

டிரையத்லான் என்பது நீச்சல், சைக்கிள், ஓட்டம் ஆகிய மூன்றையும் ஒரே நாளில் அடுத்தடுத்து முடிக்கும் போட்டி. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அங்கு நீந்த வேண்டிய தொலைவு ஒன்றரைக் கிலோமீட்டர். சைக்கிள் 40 கிலோமீட்டர். ஓட்டம் 10 கிலோமீட்டர். செய்தித்தாள்களில் அடிக்கடி இடம்பெறும் ‘அயர்ன்மேன்’ இதனினும் பெரிது: 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் ஒரு முழு மாரத்தான். 2019இல் கோவாவில் நடந்த போட்டி அதில் பாதித் தொலைவு கொண்டது. புதியவர் இவற்றை எண்ணி மலைக்க வேண்டியதில்லை. அவருக்கென்றே ‘ஸ்பிரிண்ட்’ என்னும் குறுந்தொலைவுப் பிரிவு இருக்கிறது: 750 மீட்டர் நீச்சல், 20 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம். நம் ஊர்க் கணக்கில் சொன்னால், 25 மீட்டர் குளத்தில் முப்பது முறை நீளவாக்கில் நீந்தி, சேலத்திலிருந்து ஓமலூரைக் கடந்து சற்றுத் தொலைவு சைக்கிளில் சென்று, பின்னர் 400 மீட்டர் ஓடுதளத்தைப் பன்னிரண்டரைச் சுற்று ஓடி வருவது. ஆண்டு முழுவதும் முறையாகப் பழகும் ஆரோக்கியமான ஒருவருக்கு இது எட்டாத செயல் அன்று.

இதற்கு விலையுயர்ந்த பொருள்கள் வேண்டும் என்ற எண்ணம் பிற்காலத்தில் வந்தது. 1974ஆம் ஆண்டு செப்டம்பர் 25 அன்று, அமெரிக்காவின் சான் டியேகோ நகரில் உள்ள மிஷன் பே என்னுமிடத்தில், அவ்வூர் ஓட்டக்காரர் கழகம் நடத்திய போட்டியே இன்றைய டிரையத்லானின் தொடக்கம் எனப்படுகிறது. 46 பேர் கலந்துகொண்டார்கள். அன்று டிரையத்லானுக்கென்றே செய்யப்பட்ட சைக்கிள் என ஒன்று உலகில் எங்குமே இல்லை. அவரவர் கையில் கிடைத்ததை ஓட்டினார்கள். ஆட்டம் முதலில் பிறந்தது. கடை பின்னால் வந்தது. முதன்முறை கலந்துகொள்பவர் இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் சேலம், நாமக்கல் சமவெளியில் பிறந்தவர்களுக்கு இம்மூன்றில் எதுவும் அந்நியமில்லை. இடுப்பில் சுரைக்குடுக்கையையோ காய்ந்த முருங்கைக் கட்டையையோ கட்டிக்கொண்டு தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது. பள்ளியில் பெற்ற விலையில்லா மிதிவண்டி பல வீடுகளின் தாழ்வாரத்தில் நிற்கிறது. ஓடுவதற்கு ஊர்ப்புறச் சாலையும் பள்ளி மைதானமும் போதும். எனவே, நம்மிடம் ஒன்றுமில்லை என்று தொடங்க வேண்டா.

ஆயினும் கிணற்று நீச்சலைக் கொண்டு ஏரிநீச்சலை அளந்துவிடக் கூடாது. நம் கிணற்றில் சில முறை கை வீசினால் சுவரைத் தொட்டுவிடலாம். படியைப் பற்றி மூச்சு வாங்கலாம். திறந்த நீர்நிலையில் பற்றிக்கொள்ளச் சுவர் இல்லை, தரை தெரியாது, சுற்றிலும் நூறு பேர் கைகால் வீசுவார்கள். நெஞ்சு படபடக்கும், மூச்சு ஒழுங்கு கெடும். அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை நடந்த டிரையத்லான் போட்டிகளை ஆராய்ந்த மருத்துவர்கள், திடீர் இறப்புகளும் இதயம் நின்று மீட்கப்பட்டவையும் விபத்து இறப்புகளுமாக 135 நிகழ்வுகளைத் தொகுத்தார்கள். அவற்றுள் 90 நீச்சலின்போது நேர்ந்தவை. பாதிக்கப்பட்டோரில் நூற்றுக்கு 85 பேர் ஆண்கள். சராசரி வயது ஏறத்தாழ 47. கலந்துகொண்டவர்களின் பெருந்தொகையோடு ஒப்பிட்டால் இது மிகச் சிறிய எண்ணிக்கை. ஒரு லட்சம் பேருக்கு இரண்டுக்கும் குறைவு. ஆனால் ஆபத்து எந்த இடத்தில், யாருக்கு இருக்கிறது என்பதை இக்கணக்கு காட்டிவிடுகிறது. ஆபத்து சைக்கிளின் விலையில் இல்லை. நீரிலும் நெஞ்சிலும் இருக்கிறது.

எனவே என் பரிந்துரை இதுதான். கையில் இருக்கும் சிறுதொகையை உயிரைக் காப்பவற்றுக்கு முதலில் செலவிடுங்கள். வேகத்தைக் கூட்டுபவற்றுக்குக் கடைசியில் செலவிடுங்கள்.

முதற்செலவு உடற்பரிசோதனை. நாற்பதைக் கடந்தவர்கள், இரத்த அழுத்தமோ சர்க்கரையோ உள்ளவர்கள், புகைபிடிக்கும் பழக்கம் உள்ளவர்கள், உழைக்கும்போது நெஞ்சுவலியோ மயக்கமோ கண்டவர்கள், குடும்பத்தில் இளவயதில் திடீரென இறந்தவர் இருப்பவர்கள் ஆகியோர் பயிற்சியைத் தொடங்குமுன் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். உண்ணும் மாத்திரைகளையும் கொண்டு வந்து காட்டுங்கள். இரத்த அழுத்தத்துக்கான சில மாத்திரைகள் நாடித்துடிப்பு உயர்வதைத் தடுக்கும். கைக்கடிகாரம் காட்டும் எண்ணை நம்பி உடலை வருத்தினால் ஏமாறுவோம். இன்சுலின் போட்டுக்கொள்பவர்களுக்கும், சில வகைச் சர்க்கரை மாத்திரைகளை உண்பவர்களுக்கும் உழைப்பின்போது சர்க்கரை அளவு தாழ்ந்துபோகலாம். தரையில் அது மயக்கம். நீரில் அது மரணம்.

இரண்டாவது செலவு நீச்சற் பயிற்சி. உயிர்காப்பாளர் கண்காணிக்கும் குளத்தில் இரண்டு மூன்று மாதம் கற்றுக்கொள்ளுங்கள். அருகில் அத்தகைய குளம் எங்குள்ளது என்பதை மாவட்ட விளையாட்டு அலுவலகத்தில் விசாரிக்கலாம். முகத்தை நீருக்குள் வைத்து மூச்சை வெளிவிடவும், களைத்தால் மல்லாந்து மிதக்கவும் பழகிய பிறகே தொலைவைக் கூட்ட வேண்டும். குளத்தில் 750 மீட்டரை நிற்காமல் நீந்த முடிந்த பின்னர், துணையோடும் மிதவையோடும் திறந்த நீரில் பழகலாம். செலவை மிச்சப்படுத்துவதாக எண்ணித் தனியாகக் காவிரியில் இறங்காதீர்கள். மேட்டூர் அணை திறந்தபின் ஆற்றின் இழுப்பு எப்படி இருக்கும் என்பதையும், வாய்க்காலின் வழுக்கும் கரையையும், மணல் அள்ளிய பள்ளங்களையும் ஆற்றங்கரை ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் மட்டும் உலகெங்கும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்ததாக உலக நலவாழ்வு நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. அவர்களுள் நீச்சல் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள்.

மூன்றாவது செலவு தலைக்கவசமும், சைக்கிளின் பின்புறச் சிவப்பு விளக்கும். போட்டியில் தலைக்கவசத்தின் பட்டையை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொடலாம் என்பது விதி. அந்த விதியைப் பயிற்சியிலும் கைக்கொள்ளுங்கள். நாமக்கல் லாரிகளுக்குப் பேர்போன மாவட்டம். தேசிய நெடுஞ்சாலை சைக்கிள் பழகும் இடம் அன்று. விடிந்த பிறகு ஊர்ப்புறச் சாலைகளில் ஓட்டுங்கள். நான்காவது செலவு காலுக்குப் பொருந்தும் ஓட்டக் காலணி. இவற்றுக்குப் பின்னரே சைக்கிள். புதியது வேண்டா; வீட்டில் இருப்பதையே சைக்கிள் கடைக்கு எடுத்துச் சென்று, பிரேக், சங்கிலி, டயர் ஆகியவற்றைச் சரிபார்த்து, இருக்கையின் உயரத்தைக் காலுக்கு ஏற்ப அமைத்துக்கொண்டால் போதும். சாதாரணச் சைக்கிளை அனுமதிப்பார்களா என்பதைப் போட்டி நடத்துபவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நண்பரிடம் ஒரு நாளைக்கு இரவல் பெறுவதிலும் குறைவொன்றுமில்லை.

சைக்கிளைக் கடைசியில் வைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. கடன் பட்டுப் பெரிய தொகைக்குச் சைக்கிள் வாங்கியவர், காய்ச்சல் வந்தாலும் போட்டிக்குப் போவார். முழங்கால் வலித்தாலும் நிற்க மாட்டார். போட்ட பணம் அவரைத் துரத்தும். குறைவாகச் செலவிட்டவருக்கே “இந்த ஆண்டு வேண்டா, அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று சொல்லும் உரிமை மிஞ்சுகிறது. மருத்துவர் கண்ணோட்டத்தில் அந்த உரிமை எந்தக் கருவியைவிடவும் மதிப்புள்ளது. காய்ச்சலின்போது கடும்பயிற்சி செய்வது இதயத்தசையைப் பாதிக்கக்கூடும் என்பதையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

பயிற்சிக்குக் குறைந்தது நான்கு மாதம் ஒதுக்குங்கள். வாரத்தில் நீச்சல் இரண்டு நாள், சைக்கிள் இரண்டு நாள், ஓட்டம் இரண்டு நாள், ஓய்வு ஒரு நாள். பெரும்பாலான நேரம், பக்கத்தில் வருபவரோடு முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகத்திலேயே செல்லுங்கள். பேச்சு தடைப்பட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். வாரந்தோறும் தொலைவைச் சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். கடைசி மாதத்தில், சைக்கிளிலிருந்து இறங்கியவுடன் பத்து நிமிடம் ஓடிப் பழகுங்கள். கால்கள் முதலில் மரத்துப்போனதுபோல் கனக்கும், பின்னர் வழிக்கு வரும்.

உணவுக்கும் தனிச்செலவு தேவையில்லை. சேலத்து ஜவ்வரிசியும் நாமக்கல் முட்டையும் வாழைப்பழமும் கம்பங்கூழும் உப்பிட்ட மோரும் இருக்கும் ஊரில், டப்பாவில் அடைத்த மாவுகளைத் தேடி அலைய வேண்டுமா? ஒரு முட்டையில் ஏறத்தாழ ஆறு கிராம் புரதம் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் பகற்பயிற்சி கூடவே கூடாது. நீண்ட நேரம் வியர்த்தால் வெறும் நீரை மட்டும் அளவின்றிக் குடிக்காதீர்கள். இரத்தத்தில் உப்பின் அளவு தாழ்ந்துவிடும். காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் நீரில், தலைதட்டிய ஆறு சிறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைச் சிறு தேக்கரண்டி உப்பும் கலந்தால் போதிய பானம் ஆயத்தம். சர்க்கரை நோயாளிகளும், சிறுநீரகம் அல்லது இதய நோயால் நீர்க்கட்டுப்பாட்டில் இருப்பவர்களும் தங்கள் மருத்துவரிடம் கேட்டே இதனைப் பருக வேண்டும்.

“உடல்நலத்துக்காக என்றால் நடந்தால் போதாதா?” என்று குடும்பத்தார் கேட்பது நியாயமே. போதும். வாரத்துக்கு 150 நிமிட மிதமான உழைப்பே பெரும்பயன் தரும். டிரையத்லான் எவருக்கும் கட்டாய மருந்து அன்று. ஆனால் நடைப்பயிற்சியைத் தொடங்கி மூன்றாம் மாதத்தில் கைவிட்டவர்களை நாள்தோறும் பார்க்கிறேன். நாட்காட்டியில் குறித்துவைத்த ஒரு நாள், அதிகாலையில் எழுப்பிவிடும் ஆற்றல் உடையது. மூன்று வகைப் பயிற்சி என்பதால் முழங்கால் ஒன்றே எல்லாச் சுமையையும் தாங்குவதுமில்லை. உடற்குறை உடையோருக்கும் இக்கதவு திறந்திருக்கிறது. சேலம் மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு உயரம் தாண்டுதலில் தங்கம் வென்ற 2016 ரியோ பாராலிம்பிக்கில்தான் டிரையத்லானும் முதன்முதலாக இடம்பெற்றது.

எனவே குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். தடுக்காதீர்கள்; தனியாகவும் விடாதீர்கள். பரிசோதனை முடிந்ததா, நீரில் துணை யார், தலைக்கவசம் எங்கே, இன்று உடம்பு எப்படி இருக்கிறது என்ற நான்கு கேள்விகளை மட்டும் தவறாமல் கேளுங்கள். நெஞ்சில் அழுத்தம், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, இயல்புக்கு மீறிய மூச்சுத்திணறல், மயக்கம், வெயிலில் பேச்சுக் குழறல் ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் பயிற்சியை நிறுத்தி உடனே 108ஐ அழையுங்கள். நின்ற இதயத்தை இயக்கும் முதலுதவியை வீட்டில் ஒருவரேனும் கற்றுக்கொள்ளுங்கள். அது டிரையத்லான் வீரருக்கு மட்டுமன்றி, வீட்டில் உள்ள அனைவருக்கும் பயன்படும்.

சைக்கிளுக்கு எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று கேட்டவருக்கு என் விடை: இப்போதைக்கு ஒன்றும் வேண்டா, அந்தப் பணத்தில் பரிசோதனை செய்துகொண்டு நீச்சற்குளத்தில் சேருங்கள். உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று அஞ்சிய மனைவிக்கும் அதே விடைதான். முடிந்தால் நீங்களும் அவரோடு சென்று நீச்சல் கற்றுக்கொள்ளுங்கள், அம்மா. முதற்போட்டியில் அவர் கடைசியாக வந்தாலும் குறைவில்லை. நலமாகக் கரையேறி வீடு திரும்ப வேண்டும்.